சாம்பார் ஆறட்டும்

மதிய நேரத்தில் எங்கள் கல்லூரி கேன்டீன் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்ப்பவர்கள், உள்ளே யாரோ நடிகர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பார்கள். உள்ளே இருப்பது சாம்பார் சாதமும் ஓர் அப்பளமும்தான். கூட்டம் சாதத்தையும் பார்ப்பதில்லை, அப்பளத்தையும் பார்ப்பதில்லை. ஆளுக்கொரு கைப்பேசியை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதில் ஒரு வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த வட்டத்தைச் சுற்ற விட்டவர்கள் நாங்கள் மூன்று பேர்.

செயலியின் பெயர் 'தட்டு'. எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட். சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டினால், 'டிங்' என்று மணி அடித்து டோக்கன் எண் வரும். கவுன்ட்டரில் எண்ணைக் காட்டித் தட்டை வாங்கிக்கொள்ளலாம். ஆர்டர் வாங்கும் பகுதியை நான் எழுதினேன். பணம் கட்டும் பகுதி தேஜஸ் எழுதியது. சமையலறையில் தொங்கும் திரைக்கு டோக்கனை அனுப்பும் பகுதி சிநேகாவுடையது. மூன்றும் தனித்தனி சர்வீஸ். "இவை ஒன்றுடன் ஒன்று, எழுதியவர்களைவிட மரியாதையாகப் பேசிக்கொள்ளும்" என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். துறைத்தலைவர் கலையரசன் சார் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் 'ஜெபக்குமார்?' என்று என் பெயருடன் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். கடவுள்கூட என்னை அவ்வளவு துல்லியமாகச் சந்தேகித்ததில்லை.

பொங்கல் விடுமுறை வரைக்கும் தட்டு ஓடியது. விடுமுறைக்குப் பிறகு நடந்தது. பிறகு தவழ்ந்தது. கேன்டீன் கான்ட்ராக்டர் ராஜாராம் ஒருநாள் கரண்டியுடனேயே எங்களைத் தேடி வந்தார்.

"இன்னா தம்பிங்களா, இது தட்டா, தேரா? நவுரவே மாட்டேங்குது. புள்ளைங்க பசியில கத்துதுங்க. இந்த வாரத்துக்குள்ள சரி பண்லன்னா நான் பழையபடி பேப்பர் டோக்கனுக்கே போயிடுவேன். வெள்ளை ஒண்ணு, பச்சை ஒண்ணு. கிழிச்சமா, குடுத்தமான்னு வேலை முடிஞ்சிடும்."

வெள்ளை என்றதும் தேஜஸ் தலையாட்டினான். பச்சை என்றதும் நான் அவர் கரண்டியைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பச்சை டோக்கனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வருமானம் குறைவான வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் கல்லூரியில் மதியச் சாப்பாடு இலவசம். ஆபீஸ் பாஷையில் 'சலுகை உணவு'. மாணவர் பாஷையில் 'ஓசி'. செயலி வருவதற்கு முன்னால், சலுகைக்காரர்கள் ஆபீஸில் பச்சைச் சீட்டை வாங்கி, வரிசையில் நின்று, ஊரே பார்க்க நீட்ட வேண்டும். அந்தப் பச்சை மிகவும் நல்ல பச்சை. அரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரியும்.

என் அப்பா சின்னையன் மதுராந்தகம் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன். அம்மா மேரி கருங்குழியில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமைக்கிறாள். எனக்குச் சலுகை உண்டு. முதல் இரண்டு வருடம் நான் அதை வாங்கவில்லை. மதியம் சாப்பிடவும் இல்லை. யாராவது கேட்டால், இடைவெளி விட்டு உண்ணும் உணவுமுறையில் இருப்பதாகவும் அது மூளைக்கு நல்லது என்றும் சொன்னேன். இரண்டு பேர் என்னைப் பார்த்து அதைத் தொடங்கி, ஒருவன் லேபில் மயங்கி விழுந்தான்.

எனவே 'தட்டு' என்ற யோசனையை முன்வைத்தவன் நான்தான் என்பதில் ஆச்சரியமில்லை. அறிக்கையில் போட்ட காரணம், வளாகத்தை டிஜிட்டல் மயமாக்குதல். உண்மைக் காரணம், பச்சை நிறத்தை ஒழித்தல். செயலியில் சலுகைக்காரனுக்கும் அதே திரை, அதே டிங், அதே டோக்கன். பணம் கட்டும் சர்வீஸுக்கு மட்டும் அவனுடைய ஆர்டர் போகாது. அதை யாரும் பார்க்க முடியாது.

ஆனால் கேட்க முடிந்தது. செயலி தொடங்கிய முதல் வாரம், கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினோம். மற்றவர்களுக்கு வங்கி, ஓடிபி, வட்டம். எனக்கு உடனே டிங். எல்லாத் தலைகளும் திரும்பின.

"உனக்கு மட்டும் எப்டி மச்சான் சட்டுனு வருது?" என்று கேட்டவன் ஹேமந்த். மாமல்லபுரத்திலிருந்து வருபவன். தலைமேல் எப்போதும் ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கும். ஈசிஆர் விலாசம் என்பதால் அவனுக்குக் கடற்கரை பங்களா இருப்பதாக வகுப்பே நம்பியது. அவன் மறுத்ததில்லை.

"கருங்குழி டவர்டா. நேரா சாட்டிலைட்டு," என்றேன். சிரித்தார்கள். நான் சொன்னால் சிரிப்பார்கள். 'கேன்டீன் கெஜட்' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறேன். கல்லூரியில் நடப்பதையெல்லாம் அரசாணை பாஷையில் அறிவிப்பது அதன் வேலை.

அன்று மாலையே இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, சந்தேகம் என் பக்கம் திரும்பாமல் இருக்க, கெஜட்டில் 'ஓசிச்சோறு சங்க ஆண்டு விழா' என்று ஓர் அழைப்பிதழ் போட்டேன். தலைவர், பொருளாளர் (பொருள் இல்லாததால் பதவி காலி), வரவேற்புரை, ஏப்பவுரை. பயங்கர வரவேற்பு. ஓசிக்காரனே ஓசிக்காரனைக் கிண்டல் செய்வான் என்று யார் நினைப்பார்கள்? முதல் கமென்ட் ஹேமந்துடையது. அழுதுகொண்டே சிரிக்கும் பொம்மை வரிசையாக, கீழே 'செம மச்சான்'.

இரண்டாவது, என் சர்வீஸில் ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதினேன். ஆர்டர் சலுகை என்றால், மற்றவர்களுக்குப் பணம் கட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இரு. பிறகு டோக்கன் கொடு. ஃபங்ஷனுக்கு 'சாம்பார் ஆறட்டும்' என்று பெயர் வைத்தேன். என்னிடம் மடிக்கணினி இல்லாததால் சிநேகாவுடையதில் உட்கார்ந்து எழுதினேன். அவள் அப்போது கூடுவாஞ்சேரியில் இருக்கும் தன் அம்மாவிடம், கொத்தமல்லி வாங்க மறந்ததற்காகப் போனில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முதல் என் டிங்கும் ஊராருடைய டிங்கும் கலந்து கேட்டன. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். நன்றாக ஆறிய சாம்பார்.

* * *

ராஜாராம் கரண்டியோடு வந்துபோனதும், கலையரசன் சார் எங்களைக் கூப்பிட்டார்.

"ஆளாளுக்கு அடுத்தவன் சர்வீஸ்தான் ஸ்லோன்னு சொல்லிக்கிட்டிருக்காதீங்க. ட்ரேஸிங் போடுங்க. நாளைக்கு ரிவியூவுல புரொஜெக்டர்ல காட்டுங்க. எங்க நிக்குது, எவன் நிறுத்துறான்னு எனக்குத் தெரியணும்."

தேஜஸுக்கு முகம் மலர்ந்தது. அவனுக்குப் புதிய லைப்ரரி என்றால் மற்றவர்களுக்குப் புதுத்துணி மாதிரி. செங்கல்பட்டில் அவர்கள் தெருவில் எல்லாருமே ஆசிரியர்கள். விளக்காமல் அவனால் மூச்சுவிட முடியாது.

"ஈஸிடா ஜெபா," என்று லேபில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான். "ஒவ்வொரு ஆர்டருக்கும் பொறக்கும்போதே ஒரு ஐடி ஒட்டிடுவோம். அது எந்தெந்த சர்வீஸுக்குள்ள போறதோ, போன நேரம், வெளிய வந்த நேரம் ரெண்டையும் லைப்ரரியே குறிச்சுண்டுடும். நாம எழுதினதைத் தொடக்கூட வேணாம். ஒவ்வொரு சர்வீஸுக்கும் மேல நாலு வரி. அவ்ளோதான்."

"தொடாமயே எல்லாம் தெரிஞ்சிடுமா?" என்றேன்.

"பரனூர் டோல்கேட்ல ஃபாஸ்டேக் பீப் அடிக்கறதோல்லியோ? அடுத்து ஆத்தூர்ல அடிக்கும். ரெண்டு பீப்புக்கும் நடுவுல ரொம்ப நேரம் ஆச்சுன்னா என்ன அர்த்தம்?"

"பஞ்சர்."

"இல்லடா. நடுவுல கருங்குழியில எவனோ ஒருத்தன் வண்டிய ஓரங்கட்டிட்டு சும்மா உக்காந்திருக்கான்னு அர்த்தம்."

தேஜஸ் என்னை நினைத்து இதைச் சொல்லவில்லை. அவனுக்கு உவமை வந்துவிட்டால் எதிரில் இருப்பவனின் ஊர் மறந்துபோகும். நான் வண்டியை ஓரங்கட்டியவன் போலவே உட்கார்ந்திருந்தேன்.

அன்று மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்ததும் திரையில் முடிவுகள் வந்தன. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நீளப் பட்டை. அதன் கீழே, அது போன சர்வீஸ்களெல்லாம் சின்னப் பட்டைகள். பெரும்பாலானவற்றில் ஆர்டர், அதன் கீழ் பணம், அதன் கீழ் சமையலறை என்று படிக்கட்டு மாதிரி இருந்தது. சிலவற்றில் மட்டும் ஆர்டர் பட்டை நீண்டுகொண்டே போனது. கீழே ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. கடைசியில் சமையலறைப் பட்டை மட்டும் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாரு, உன் சர்வீஸ்லதான் கேப்," என்றான் தேஜஸ். "பேமென்ட்டுக்கே போகலை. உள்ளயே நின்னுண்டு என்ன பண்றது அது?"

"நெட்வொர்க்கா இருக்கும்."

"வெளிய எங்கயும் போகாத ஆர்டருக்கு எப்படிடா நெட்வொர்க் பிரச்சனை வரும்?"

இதற்கு என்னிடம் ஜோக் இருந்தது. வாய்வரை வந்து நின்றுவிட்டது.

தேஜஸின் போன் அடித்தது. அவன் அம்மா. எழுந்து வெளியே போகும்போது, "ரொம்ப நேரம் எடுத்ததெல்லாம் மேல வர்ற மாதிரி அடுக்கி வச்சிருக்கேன். நாளைக்கு சார் முன்னாடி முதல்ல இருக்கறதை லைவா ஓபன் பண்ணுவேன். நீ சும்மா பாத்துண்டு இரு, எதையும் அழுத்தாதே. அழிக்கற பர்மிஷன் உனக்கு நான் குடுக்கலை, முன்னெச்சரிக்கையா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் ஒன்றை அழுத்தினேன். பக்கத்தில் ஒரு பெட்டி திறந்தது. அதில் ரோல் நம்பர், உணவு, வகை. தேஜஸ் பிற்காலத்தில் உதவும் என்று இவற்றையும் ஒவ்வோர் ஆர்டருடனும் ஒட்டிவிட்டிருந்தான். 'வகை: சலுகை' என்றிருந்தது. ரோல் நம்பர் என்னுடையதுதான்.

அடுத்ததை அழுத்தினேன். சலுகை. என் நம்பர் இல்லை. அடுத்தது. சலுகை. அடுத்ததும்.

இங்கே எனக்கு இரண்டு விஷயம் விளங்கியது. ஒன்று தொழில்நுட்பம் சார்ந்தது. என் சர்வீஸில் ஆர்டர்களைக் கவனிக்க நான்கு வொர்க்கர்கள்தான். நான்கு கவுன்ட்டர் ஆட்கள் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சலுகை ஆர்டர் வரும்போதெல்லாம் அந்த ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு சும்மா நிற்கச் சொல்லியிருந்தேன். நான் ஒருவன் மட்டும் என்றால் தெரியாது. ஒரே நேரத்தில் நான்கு சலுகைக்காரர்கள் அழுத்தினால் நான்கு கவுன்ட்டரும் கண்ணை மூடிவிடும். பின்னால் கல்லூரியே நிற்கும். பச்சைச் சீட்டு ஒழிந்த தைரியத்தில் பொங்கலுக்குப் பிறகு நிறையப் பேர் சலுகையில் சேர்ந்திருந்தார்கள். என் வெட்கத்தை மூட நான் போட்ட போர்வை, கேன்டீன் வாசல்வரை இழுத்து மூடியிருந்தது.

இரண்டாவது விஷயம், அட்டவணையின் உச்சியில் இருந்தது. நாளைக்குத் தேஜஸ் லைவாகத் திறக்கப்போவது. அதை அழுத்தினேன். வகை: சலுகை. ரோல் நம்பரைப் பார்த்தேன். எனக்கு இரண்டு நம்பர் தள்ளி வருவது. வருகைப்பதிவின்போது தினமும் என் காதில் விழும் நம்பர்.

ஹேமந்த்.

பொங்கலுக்குப் பிறகு சேர்ந்தவர்களில் அவனும் ஒருவனாக இருக்க வேண்டும். ஏப்பவுரை என்று எழுதியிருந்தேன். அவன்தான் முதலில் சிரித்திருந்தான். எவ்வளவு வேகமாகச் சிரித்திருக்கிறான் என்று இப்போதுதான் தோன்றியது. நான் 'கருங்குழி டவர்' என்று சொன்ன அதே வேகம்.

தேஜஸ் திரும்பி வந்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஜோக்காகவே வந்தது. ஃபங்ஷனை எடுத்துவிடலாம் என்றால் மடிக்கணினி சிநேகாவிடம். அவள் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டாள். எடுத்தாலும் இன்றைய பட்டைகள் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

"என்னடா, ஏதாவது கண்டுபிடிச்சியா?" என்றான் தேஜஸ்.

"இல்ல," என்று சொல்லிவிட்டுக் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன். பேருந்து கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் ஓடினேன்.

* * *

ரிவியூ நடக்கும் அறையில் எல்லா டீம்களும் உட்கார்ந்திருந்தன. ஹேமந்த் மூன்றாவது வரிசையில். கண்ணாடி தலைமேல். தேஜஸ் புரொஜெக்டரை இணைத்து, பரனூரில் ஆரம்பித்து ஆத்தூரில் முடித்தான். இந்த முறை கருங்குழியைச் சொல்லாமல் "நடுவுல எங்கியோ" என்றான். கலையரசன் சாருக்கு உவமை பிடித்திருந்தது.

"சரி, அந்த வெள்ளை இடத்துல என்ன நடக்குது? கோடிங்கைத் திற."

தேஜஸ் திறந்தான். என் சர்வீஸின் உள்ளே, அந்தக் குட்டி ஃபங்ஷன் சுவர் அளவுக்குப் பெரிதாக நின்றது. சலுகையா என்று பார்க்கும் வரி மட்டும் திரைக்கு மேலே தப்பியிருந்தது. பக்கத்தில், அந்த வரியை எழுதியவர் பெயர் என்று கணினி காட்டும் இடத்தில், சிநேகா.

நான் இதை யோசித்திருக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. அவள் மடிக்கணினியில் எழுதினால் அவள் பெயரில்தான் போகும் என்பது முதலாமாண்டுப் பாடம்.

"சாம்பார் ஆறட்டும்," என்று சார் எழுத்துக்கூட்டி வாசித்தார். வகுப்பு சிரித்தது. "என்னம்மா சிநேகா இது? ஆர்டர் வந்தா ஒண்ணுமே பண்ணாம நில்லுன்னு எழுதி வச்சிருக்கீங்க. அத்தனை பிள்ளைங்க வெயில்ல நிக்குது, உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

மூன்றாவது வரிசையிலிருந்து ஹேமந்த், "சார், சிநேகாக்கு சாம்பார் வைக்கத்தான் தெரியாதுன்னு நெனச்சேன். ஆற வைக்க நல்லாவே தெரியுது!" என்றான். இன்னும் பெரிய சிரிப்பு.

சிநேகா எழுந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது முகத்தைக் காட்டியிருப்பேன், கெஞ்சலாகவோ, அசட்டுத்தனமாகவோ. அவள் பார்க்காததால் என் முகம் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே இருந்தது.

"தெரியல சார். பார்த்துச் சொல்றேன்," என்றாள்.

"உங்க பேர் இருக்கு, உங்களுக்கே தெரியலையா? நாளைக்குக் கேம்பஸ் இன்டர்வியூல இப்படித்தான் சொல்லுவீங்களா? நான் என்ன மார்க் போடறது உங்களுக்கு?"

அவள் கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினாள், கழற்றி மாட்டினாள். நான் உட்கார்ந்திருந்தேன். ஃபங்ஷனின் பெயரைப் பார்த்ததும் இது யார் புத்தி என்று பாதி வகுப்புக்காவது தெரிந்திருக்கும். எல்லாருக்கும் முன்னால் தெரிந்தது எனக்கு. உட்கார்ந்தேதான் இருந்தேன்.

"சரி, இருக்கட்டும். தேஜஸ், முதல்ல இருக்கிறதை ஓபன் பண்ணு. யாரோட ஆர்டர், என்ன ஐட்டம்னு பாத்தா காரணம் தெரிஞ்சிடும்."

சுட்டி உச்சிக்குப் போனது. ஹேமந்த் இன்னும் தன் ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"சார்," என்றேன். எழுந்தபோது நாற்காலி பின்னால் விழுந்தது. "அது வேணாம் சார்."

"ஏன்?"

"என்னோடதை ஓபன் பண்ணச் சொல்லுங்க சார். ரோல் நம்பர் போட்டுத் தேடினா வரும். அதுலயும் இதேதான் கீது."

தேஜஸ் என்னைப் பார்த்தான், சாரைப் பார்த்தான், என் நம்பரைத் தட்டினான். பெட்டி திறந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கு என் நம்பர், சாம்பார் சாதம், வகை: சலுகை.

"அதை எழுதினது நான்தான் சார். சிநேகா லேப்டாப்ல எழுதினேன். அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சலுகை ஆர்டருக்குப் பணம் கட்ட வேணாம். அதனால டோக்கன் உடனே வந்துடும். பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரிஞ்சிடும் சார். அதுக்குத்தான் கொஞ்சம் நிக்க வச்சேன். நிக்க வச்சா எல்லாரும் நின்னுடுவாங்கன்னு தெரியல."

சார் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சலுகைன்னா ஓசி சார்," என்றேன்.

கெஜட்டில் போட்டிருந்தால் நூறு லைக் வந்திருக்கும். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மின்விசிறிகூட அன்றைக்கென்று சத்தம் போடாமல் சுற்றியது. எனக்குக் காது மடல் இரண்டும் சூடேறி, முகம் என்னுடையது இல்லை போல் இருந்தது. தைரியமாகச் சொன்னால் பாரம் இறங்கும் என்கிறார்கள். எனக்கு எதுவும் இறங்கவில்லை. வகை: சலுகை என்பது சுவரிலிருந்தும் இறங்கவில்லை. தேஜஸுக்கு அதை மூடத் தோன்றவில்லை.

கலையரசன் சார் மார்க் போடும் தாளை மூடி வைத்தார். பிறகு, "உட்காரும்மா சிநேகா," என்றார். அதன்பின் தேஜஸிடம், இதுவரை நாங்கள் கேட்டிராத மெல்லிய குரலில், "அந்த ரோல் நம்பரெல்லாம் எதுக்குப்பா இதுல வருது? வகை எதுக்கு? நேரம் மட்டும் போதாதா? எடுத்துடு. இருக்கிறதையும் அழிச்சிடு. இப்பவே," என்றார்.

தேஜஸ் அழித்தான். நான் நாற்காலியை நிமிர்த்தும்போது மூன்றாவது வரிசை கண்ணில் பட்டது. ஹேமந்த் தலைமேல் இருந்த கறுப்புக் கண்ணாடியை இறக்கிக் கண்ணில் போட்டிருந்தான். அறைக்குள் வெயில் எதுவும் இல்லை.

* * *

வராண்டாவில் சிநேகாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் மடிக்கணினியைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என் லேப்டாப்ல எழுதிட்டு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினு இருந்தியா?" என்றாள். "அன்னிக்கே பாத்துட்டேன்."

"பார்த்தியா? அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? எதைக் கேட்டாலும் நீ ஒரு ஜோக்கு சொல்லுவ. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். க்யூவைப் புடிச்சுக்கும்னு எனக்கும் தோணல."

செயலி தொடங்கியதிலிருந்து இவள் முன்னால் நான் எத்தனை முறை ஓசி ஜோக் அடித்து, 'கருங்குழி டவர்' சொல்லி நடித்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். அத்தனைக்கும் அவள் சிரித்திருந்தாள்.

"ஸாரி சிநேகா."

"அதான் எழுந்து சொல்லிட்டியே." பையின் ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் சிக்கியது. அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "ஆனா எவ்ளோ நேரம் ஆச்சு தெரியுமாடா நீ எழுந்துக்க? சார் கேக்கறாரு, அந்த லூசு ஹேமந்த் கத்தறான், எல்லாம் சிரிக்குது. நான் உள்ள எண்ணிக்கினு இருந்தேன். இதோ எழுந்துப்பான், இதோ எழுந்துப்பான்னு."

ட்ரேஸ் போட்டிருந்தால் சரியாகத் தெரிந்திருக்கும் என்று ஒரு வரி வந்தது. நல்ல வரிதான். சொல்லவில்லை. நீளமான பட்டை, கீழே வெறும் வெள்ளை. நான் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஜிப்பை நான் சரிசெய்து கொடுத்தேன். அவள் பையை மறுபடி திறந்து மடிக்கணினியை வெளியே எடுத்தாள். ஜிப்பைச் சரிசெய்திருக்கத் தேவையே இல்லை.

"ஒக்காரு. நிக்க வைக்கிறது தப்பில்ல. கவுன்ட்டரை மூடிக்கினு நிக்க வச்ச பாரு, அதான் தப்பு. ஆர்டரை வாங்கி ஓரமா வச்சிட்டு அடுத்த ஆளைப் பாக்கணும். நேரம் வந்தா டோக்கன் குடுத்தாப் போதும். யாரும் யாருக்காவவும் காத்துக்கினு இருக்க வேணாம்."

அங்கேயே வராண்டா படியில் உட்கார்ந்து எழுதினோம். அவள் எழுதினாள், கமா விட்டுப்போன இடத்தை நான் சொன்னேன். ஃபங்ஷன் பெயரை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும், நல்லாதான் கீது," என்றாள். இந்த முறை எழுதியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை அவளே தட்டினாள்.

"என் நம்பருக்கு மட்டும் இது வேணாம்," என்றேன். "எனக்கு உடனே வரட்டும்."

"ஏன், தியாகியா நீ?"

"அதெல்லாம் இல்ல. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இனிமே ஆற வச்சு இன்னா பண்றது?"

அவள் அதற்கும் ஒரு வரி சேர்த்தாள்.

* * *

மறுநாள் மதியம் கேன்டீன் வாசலில் அதே கூட்டம். எல்லாரும் பட்டனை அழுத்தினார்கள். நானும் அழுத்தினேன்.

டிங்.

தலைகள் திரும்பின. எல்லாம் இல்லை, ஆனால் போதுமான அளவுக்கு. கூட்டத்திலிருந்து கவுன்ட்டர்வரை நடக்க வேண்டிய தூரம் அதிகமில்லை. அன்றைக்கு அது திருக்கழுக்குன்றம் மலைப்படி மாதிரி இருந்தது. கைகளை எங்கே வைத்துக்கொண்டு நடப்பது என்று தெரியவில்லை. ஒரு கையைச் சட்டைப்பையில் விட்டேன். என் சட்டைக்குக் கீழ்ப்பை கிடையாது.

"இன்னா தம்பி, ஃபர்ஸ்ட் ஆளா?" என்றார் ராஜாராம், தட்டை நீட்டி. "வண்டி ஓடுதே இன்னிக்கு!"

பின்னால் டிங் டிங் என்று சரமாரியாக அடிக்க ஆரம்பித்தது. பணம் கட்டியவர்கள், கட்டாதவர்கள், எல்லாம் கலந்து. எது யாருடையது என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. பச்சைச் சீட்டைப் பற்றி ராஜாராம் அதன்பிறகு பேசவில்லை.

ஓர் ஓரத்து மேசையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எதிரில் ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது. ஹேமந்த். கண்ணாடி தலைமேல் போயிருந்தது. அவன் அப்பளத்தை உடைத்தான், தின்னவில்லை.

"மச்சான், அந்தச் சங்கம் போஸ்ட்டு கீதுல்ல," என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டே.

"எடுத்துடறேன்டா."

"எடுக்காத. திடீர்னு எடுத்தா எல்லாம் ஏன், இன்னான்னு நோண்டுவானுங்க." அப்பளத்தை இன்னும் பொடியாக உடைத்தான். "அதுல என் கமென்ட்டு ஒண்ணு கீது. அதை நானே எடுத்துக்கலாமில்ல? உனக்கொண்ணும் கோவம் இல்லியே?"

"எனக்கு இன்னாடா கோவம்."

அவன் தலையாட்டினான். அன்றைக்கு அவன் பட்டைதான் உச்சியில் இருந்தது என்பது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அந்த அழைப்பிதழை எழுதியதற்கு. அதற்கான வரியைத் தேடினேன். வந்ததெல்லாம் நகைச்சுவையாகவே வந்தது. எனவே சாதத்தைப் பிசைந்து, ஒரு பெரிய கவளமாக வாயில் போட்டேன்.

நாக்கு வெந்துபோனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னாடா, சுடுதா?" என்றான் ஹேமந்த்.

"சுடுது."

"ஊதித் துன்றா," என்று தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.